யாரிடம், எதுவரை?

புதுக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டைதான் நினைவுக்கு வரும். தூத்துக்குடிக்கு மேற்கே, நெல்லைச் சாலையில் இருக்கும் நம் புதுக்கோட்டையைச் சொல்லும்போது மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ரேஷன் அட்டைப் பதிவுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. எந்தப் புதுக்கோட்டை, வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் கைப்பேசி எண் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். 2021 ஜூனில் தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 49 லட்சம் பேருடைய விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் தளம் ஒன்றில் ஏற்றப்பட்டிருப்பதாகப் பெங்களூரின் டெக்னிசாங்க்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. ஆதார் எண், குடும்ப விவரம், கைப்பேசி எண் எல்லாம் அதில் இருந்ததாகச் செய்தி. நாளிதழ்களில் ஓரிரு நாள் பேச்சு. பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம். அந்த மறதிதான் இன்று என் பேச்சுக்குக் காரணம். கசிந்த தகவலுக்கு வயதாவதில்லை. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அது முன்பைவிட அதிகமாகவே பயன்படுகிறது. ஆகவே இணையப் பாதுகாப்பை எவ்வளவு பெரிய பூட்டு போட்டிருக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. எவ்வளவு சேர்த்தோம், அது யாரிடம் இருக்கிறது, எதுவரை இருக்கும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முன்பெல்லாம் திருட்டுப்போன பட்டியல் ஒன்றைக் காசாக்குவது சுலபமாக இல்லை. லட்சக்கணக்கான வரிகளை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். யாரை என்ன சொல்லி மடக்கலாம் என்று யோசிக்க வேண்டும். பிறகு அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும். இந்த மூன்றாவது இடத்தில் தமிழ் நம்மை ஓரளவு காப்பாற்றி வந்தது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றவன் இந்தியில் ஆரம்பித்தான். வந்த குறுஞ்செய்தியில் ஒற்றும் வேற்றுமை உருபும் தாறுமாறாகக் கிடந்தன. அதிகம் படிக்காதவர்கூட 'இது என்னமோ சரியில்லையே' என்று சந்தேகப்பட்டார். இன்றைய மொழி மாதிரிகள் பிழையில்லாத தமிழில் எழுதுகின்றன. சில விநாடிப் பேச்சுப் பதிவு கிடைத்தால் போதும், ஒருவர் குரலைப் போலச் செய்துவிடலாம். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் இருந்த காணொலிக் கூட்டத்தில் கலந்துகொண்டு, அவர்கள் சொன்னபடி இரண்டரைக் கோடி டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் போலி உருவங்கள். நம் நாட்டில் இணைய மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய், 2024இல் 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. இத்தனையும் செயற்கை நுண்ணறிவின் கைவரிசை என்றால் அது மிகை. பழைய பாணி ஏமாற்றும் இதில் நிறைய உண்டு. ஆனால் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் அழைப்புகளைக் கவனியுங்கள். படித்தவர்களையும் ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் அவை எப்படி விழ வைக்கின்றன? அழைப்பவன் உங்கள் ஆதார் எண்ணைச் சொல்கிறான், முகவரியைச் சொல்கிறான், மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று சொல்கிறான். இவ்வளவும் தெரிந்தவன் போலீஸ்காரனாகத்தான் இருப்பான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அவனுடைய அதிகாரம் சீருடையிலிருந்து வரவில்லை. எங்கோ, எப்போதோ கசிந்த பட்டியலிலிருந்து வருகிறது.

பட்டியல் கசிய ஹேக்கர் வேண்டியதில்லை. தாலுகா அலுவலகங்களுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைகளைப் பாருங்கள். 'ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்' என்பது இன்று சகஜமான பேச்சு. அனுப்புகிறோம், காகிதத்தை வாங்கிக்கொள்கிறோம், காசு கொடுக்கிறோம், வந்துவிடுகிறோம். அனுப்பிய படம் கடைக்காரரின் கைப்பேசியில் தங்கிவிடுகிறது. அதிலிருந்து கேலரிக்குப் போகிறது. கூகுள் போட்டோஸில் தானாகச் சேமிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அங்கிருந்து கிளவுடுக்கும் போகிறது. ஜாதிச் சான்றிதழ், நிலப் பத்திரம், மருத்துவ அறிக்கை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று ஊரின் பாதி ஆவணங்கள் ஒரு கடைக்காரரின் கூகுள் கணக்கில் சேர்ந்துவிட்டிருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு அவர் பிறந்த தேதியாக இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கைப்பேசியைப் பழைய பொருளாக விற்றுவிட்டால் என்ன ஆகும்? ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அறிவுரை நியாயமானதுதான். ஆனால் மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். சரியான அறிவுரையைச் சொல்வதற்குக்கூட நம் நிறுவனங்களுக்குத் துணிச்சல் போதவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இதைக் கேட்டதும் சிலர், 'அப்படியானால் கிளவுடே வேண்டாம், எல்லாவற்றையும் நம் அலுவலகக் கணினியிலேயே வைத்துக்கொள்வோம்' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. இதே கடற்கரையில் தெற்கே இருக்கும் கூடங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 அக்டோபர் 29 அன்று, அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதது, எனவே இணையத் தாக்குதலுக்கு இடமே இல்லை என்று மறுப்பு வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம் வேறொரு அறிக்கை வெளியிட்டது. அதன்படி, நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே அதைத் தெரிவித்திருந்தது. டிடிராக் என்ற அந்த வகைத் தீநிரலின் வேலை எதையும் வெடிக்கச் செய்வதல்ல. கணினியில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று பொறுக்கிச் சேர்ப்பதுதான். அணு உலைக்கு ஆபத்தில்லை என்று சொன்னது சரி. ஆனால் மக்கள் கேட்டது உலையைப் பற்றி மட்டுமில்லை. உள்ளே நுழைந்தவன் எதை எடுத்துப் போனான் என்றும் கேட்டார்கள். அதற்குப் போதுமான பதில் வரவில்லை. சொந்தக் கட்டடம், சொந்தக் காவல், சொந்த வலையமைப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே நிலைமை இதுதான்.

அக்கரையில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2006இல் தூத்துக்குடியிலிருந்து கல்கிசை வரை கடலடிக் கேபிள் போட்டு நாம் இணைத்துக்கொண்ட இலங்கையில், லங்கா அரசு கிளவுட் என்று அரசே ஒரு கிளவுட் நடத்துகிறது. 2023இல் அதன் மின்னஞ்சல் அமைப்பைப் பணயத் தீநிரல் பூட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 கணக்குகளில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போயே போய்விட்டன. மென்பொருள் பழையது, அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்து வைத்த பிரதியும் இல்லை. ஏழை நாடு என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளியில் பிரதி எடுக்கவில்லை. கிளவுட் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ ஆகாயத்தில் மிதப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது மின்சாரமும் பேட்டரியும் குளிர்சாதனமும் தேவைப்படும் ஒரு கட்டடம். அது சென்னையிலோ மும்பையிலோ ஐதராபாத்திலோ தரையில்தான் நிற்கிறது.

அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்களின் கட்டடங்களுக்குள் சுவரேறிக் குதிப்பது அரிது. கசிவு பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர் பக்கமிருந்து வருகிறது. கட்டடம், இயந்திரம், மின்சாரம் ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. யாருக்கு எந்த அறையின் சாவி என்பது வாடிக்கையாளர் பொறுப்பு. இந்தப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், படிப்பவர்தான் குறைவு. 2019இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி பத்துக் கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்களை அமேசான் கிளவுடிலிருந்து பறிகொடுத்தது. காரணம், தப்பாக அமைக்கப்பட்ட ஒரு தீயரண். 2023இல் அம்பலமான மைக்ரோசாஃப்ட் விவகாரம் இன்னும் சுவையானது. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்குழு ஒன்று, படங்களை அடையாளம் காணும் மாதிரிகளைப் பொதுமக்கள் இறக்கிக்கொள்ள ஓர் இணைப்பைக் கொடுத்தது. இணைப்பு அந்தக் கோப்புகளை மட்டும் காட்டியிருக்க வேண்டும். ஆனால் அது முழுச் சேமிப்பகத்தையும் திறந்துவிட்டது. 38 டெராபைட் தரவும், ஊழியர் இருவரின் கணினிப் பிரதிகளும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உள் உரையாடல்களும் அதில் கிடந்தன. அந்த இணைப்பு எந்த ஆண்டு வரை செல்லும் என்று போட்டிருந்தார்கள் தெரியுமா? 2051 வரை. கிளவுடைக் கட்டி விற்பவர்களே காலக்கெடு போடுவதில் இவ்வளவு அலட்சியமாக இருந்தால், பத்துப் பேர் வேலை செய்யும் மீன் ஏற்றுமதி அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த அலுவலகம் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அது வைத்திருக்கும் தகவல் கொஞ்சமாக இருந்தால் இழப்பும் கொஞ்சமாக இருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஒரு பக்கம் பிரதி எடு என்கிறாய், மறுபக்கம் சேர்க்காதே, அழி என்கிறாய், எதைச் செய்வது என்று கேட்கலாம். இரண்டும் ஒரே கணக்கேட்டிலிருந்து வரும் முடிவுகள். நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் எதற்குப் பிரதி வேண்டும், எது குப்பை என்று தெரியும். பிரதி எவ்வளவு முக்கியம் என்பது தூத்துக்குடி போன்ற துறைமுக ஊருக்குப் பக்கத்து வீட்டு விஷயம். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருள் வழியே கிளம்பிய நாட்பெட்யா தீநிரல், மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த நிறுவனம் நடத்திய சரக்குப்பெட்டக முனையமும் ஸ்தம்பித்தது. நான்காயிரம் சர்வர்களையும் 45 ஆயிரம் கணினிகளையும் புதிதாக அமைத்துத்தான் அவர்கள் மீண்டார்கள். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். வலையமைப்பின் அடையாளப் பதிவேட்டை வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் அழிந்துபோக, கானாவில் ஒன்று மட்டும் மிஞ்சியது, தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு! அன்றைக்கு உலகின் மிகப் பெரிய சரக்குப்பெட்டகக் கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றியது ஒரு பவர்கட். இன்று தூத்துக்குடியில் சுங்கப் பத்திரம், கப்பல் வருகை, பெட்டக நகர்வு எல்லாம் இணையம் வழியேதான் நடக்கின்றன. அடுத்த முறை மின்வெட்டை நம்ப முடியாது.

இதைவிட அடிக்கடி கேட்கும் மறுப்பு வேறு. 'என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் சாதாரண ஆள்' என்பது அது. இதற்குப் பதில் இந்தக் கரையிலேயே இருக்கிறது. எந்த இடத்தில் வலை விட்டால் மீன் படும் என்பது ஒரு மீனவரின் தொழில் ரகசியம். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் மாதாகோயில் உச்சியையும் குன்றையும் நேர்கோட்டில் பிடித்து, பார் எனும் கடலடிப் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளும் அந்த அறிவைப் பக்கத்துப் படகுக்காரரிடம்கூடச் சொல்வதில்லை. அவர் குற்றவாளியா? இல்லை. அது அவருடைய சோறு. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்குப் பயோமெட்ரிக் அட்டை வந்தது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலில் இருப்பவருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்ற குறை பெரிதாக எழுந்து, படகுகளில் செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் பொருத்தப்பட்டு வருகின்றன. அந்தப் புயல் வீசிய 2017 நவம்பர் 30ஐ மறக்காத எவரும் அந்தக் கருவி வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. புயல் நாளில் படகு எங்கே என்று கரைக்குத் தெரிய வேண்டும். ஆனால் புயல் இல்லாத ஒரு நாளில் அந்தப் படகு போன பாதையை எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும்? யார் பார்க்கலாம்? ஆயிரக்கணக்கான படகுகளின் பாதையைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து ஓர் இயந்திரத்திடம் கொடுத்தால், எந்தப் பருவத்தில் எங்கே மீன் என்பதை அது கற்றுக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு ஒரு கோப்பாகி, விலை கொடுக்கும் பெரிய கப்பல்காரரிடம் போகலாம். உயிர்காக்கச் சேர்த்த தகவல் உயிர்காக்க மட்டுமே பயன்பட வேண்டும் என்று எழுதி வைக்காத வரை இதைத் தடுக்க ஒன்றுமில்லை.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள், மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிடுவார்கள். சிப்பி முற்றவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்புக் கிடையாது. இடையில் பல ஆண்டுகள் குளிப்பே இல்லாமல் கழிந்ததுண்டு. அரசு அதை தர்மத்துக்குச் செய்யவில்லை, வருமானம் கெடக் கூடாது என்றுதான் செய்தது. இருந்தாலும், எடுக்கும் முன் யோசி என்ற விதி அதில் இருந்தது. தகவல் சேகரிப்பில் பருவமும் இல்லை, சோதனையும் இல்லை. ஒரு சிறு விண்ணப்பத்துக்கு ஆதார், பான், தாயார் பெயர், இரத்த வகை என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்பதுதான் காரணம். இந்த இரண்டு சொற்களைத்தான் நான் நம் இணையப் பாதுகாப்பின் மிகப் பெரிய ஓட்டை என்பேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 3.1 கோடிப் பேருடைய விவரங்கள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 2024இல் ஒரு ஹேக்கர் டெலிகிராமில் கடை விரித்தபோது, அதில் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் தடை போடலாம். ஒருவருடைய நோயை ஊர் மறக்கும்படி செய்ய முடியாது. அதே ஆண்டு மே மாதத்தில் தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியார் நுழைந்ததும் தெரியவந்தது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற வழியில்லை.

செயற்கை நுண்ணறிவே காவலும் செய்யுமே என்று தொழில்நுட்பம் படித்த இளைஞர்கள் கேட்பார்கள். செய்கிறது. வழக்கத்துக்கு மாறான நுழைவை மனிதனைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறது, வங்கிகள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. ஆனால் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதை அது தடுக்காது. 2023இல் சாம்சங் பொறியாளர்கள் சிலர் பிழை திருத்துவதற்காகத் தங்கள் நிறுவனத்தின் ரகசிய நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டினார்கள். நிறுவனம் பிறகு தடை போட்டது. 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் அலுவலகக் கணினிகளில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. இங்கே ஒரு குமாஸ்தா, வாங்குபவரின் ஒப்பந்தத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் புரிந்துகொள்ள அதே கருவியில் ஒட்டினால் அவரைக் குற்றம் சொல்ல மனம் வராது. அவருக்கு வேறு யாரும் உதவுவதில்லை. ஆனால் பெயர், கணக்கு எண், விலை மூன்றையும் நீக்கிவிட்டு ஒட்டலாம் என்று சொல்லிக்கொடுக்க யாராவது இருந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை எந்தக் காவல் மென்பொருளும் கொடுக்காது.

சட்டம் இருக்கிறதே என்பது கடைசி ஆறுதல். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவை நல்ல பிரிவுகள். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது, பறிகொடுத்தவருக்கு அதில் பங்கில்லை. இழப்பீடு கேட்க இருந்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. தவிர, அரசு தன் அமைப்புகளில் எதை வேண்டுமானாலும் அறிவிக்கை மூலம் இதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். நாட்டில் மிக அதிகமான தகவலை வைத்திருப்பது அரசு. விலக்குக் கதவு அங்கேதான் அகலமாகத் திறந்திருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை.

சட்டத்தின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 2027 மே வரை ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த அவையில் படகு உரிமையாளர் சங்கத்தார் இருக்கிறீர்கள், சுங்க முகவர்கள் இருக்கிறீர்கள், கூட்டுறவுச் சங்கத்தார், பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் யாருடைய என்ன விவரம் இருக்கிறது, எந்தத் தேதியில் அழிப்போம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தேதி வந்ததும் அழித்துவிடுங்கள். மற்றவர்கள் அடுத்த முறை எங்கேயாவது ஆதார் நகல் கேட்டால், கொடுப்பதற்கு முன் இது யாரிடம் இருக்கும், எதுவரை இருக்கும் என்று கேளுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்காராமல் அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.